'ஒண்ணும் ஆவாது!' - 29 வருடத் தண்ணீர் பயத்தை வென்ற திருவண்ணாமலை டியூஷன் மிஸ்

திருவண்ணாமலையை அக்னித் தலம் என்பார்கள். பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரிய ஊர். ஆனால், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர்களுக்குத் தெரியும், இந்த நெருப்பு ஊரில் எத்தனை குளங்கள் இருக்கின்றன என்று. கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம். வெளியே அய்யங்குளம். செங்கம் சாலையில் அக்னி தீர்த்தம், ரமணாசிரமத்தை ஒட்டி பலாக்கொத்து குளம், இன்னும் கொஞ்ச தூரத்தில் சிம்ம தீர்த்தம்.

ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம், ரமண நகரில் டியூஷன் எடுக்கும் 37 வயதுப் பெண்ணுக்கு இந்தக் குளங்கள் எல்லாமே மனப்பாடம். எந்த இடத்தில் சாலையின் மறுபக்கத்துக்கு மாறி நடக்க வேண்டும் என்பதற்காகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்'. பெயர் வேண்டாமே என்பதால், இங்கேயும் மிஸ் என்றே இருக்கட்டும்.

கிணற்றடியில் நடந்தது

1995 கோடை விடுமுறை. மிஸ்ஸுக்கு அப்போது ஏழு வயது. செங்கம் பக்கத்தில் அம்மாவின் ஊர். மாமா நிலத்தில் பெரிய கல் கட்டுக் கிணறு. மதிய வெயிலில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் கிடப்பார்கள். மோட்டார் ரூம் மேலிருந்து ஒருவர் குதித்தால், தண்ணீர் தெறித்துப் பாதிக் கிணறு நனையும்.

நம்மூரில் நீச்சல் பழக்குவதற்கு என்று ஒரு முறை உண்டு. சுரைக்குடுக்கையையோ காலி டின்னையோ பிள்ளையின் முதுகில் கட்டுவார்கள். இடுப்பில் வேட்டியையோ கயிற்றையோ கட்டி, மறுமுனையைப் படிக்கட்டில் நிற்கும் ஒருவர் பிடித்துக்கொள்வார். தண்ணீருக்குள் இன்னொருவர் இருப்பார். பத்துப் பதினைந்து நாளில் டின்னைக் கழற்றிவிடுவார்கள். எத்தனையோ தலைமுறை அப்படித்தான் நீச்சல் கற்றது.

அன்றைக்கு டின்னும் இல்லை, கயிறும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்த சிறுமியை மாமா பார்த்தார். "எவ்ளோ நேரம் இப்டியே குந்தினு இருப்ப? வாடி, ஒண்ணும் ஆவாது" என்று தூக்கினார், போட்டார்.

மாமாவும் கூடவே குதித்தார். அதிகம் போனால் பத்து நொடி இருக்கும். தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்து, படியில் உட்கார வைத்துவிட்டார். மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. அவரையும் அவருடைய அப்பா அப்படித்தான் போட்டாராம்.

அந்தப் பத்து நொடியைப் பற்றி மிஸ்ஸுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம். ஒன்று, கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் தெரிந்த பச்சை நிறம். இன்னொன்று, கத்தியும் சத்தம் வராதது. வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையைத் துவட்டிவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "இனிமே தண்ணிப் பக்கமே போவாத." யாருமே அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. குழந்தைதானே, மறந்துவிடும் என்று நினைத்தார்கள்.

ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்த வருடங்கள்

பயம் மறக்கவில்லை, வளர்ந்தது. பள்ளியில் சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா போனபோது, வயிற்றுவலி என்று சொல்லி பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். கல்லூரித் தோழிகள் ஒகேனக்கல்லில் பரிசலில் சுற்ற, அவர் கரையில் பைகளுக்குக் காவல் இருந்தார். திருமணமாகி ராமேஸ்வரம் போனபோது, அக்னி தீர்த்தக் கரையில் கணவர் கையில் சொம்பைக் கொடுத்து, கடல் தண்ணீரை மொண்டுவந்து தலையில் தெளிக்கச் சொன்னார்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். ஷவரில் நின்று குளிக்க மாட்டார். தலைக்குக் குளிக்கும்போது கழுத்தைப் பின்னால் சாய்த்து, முகத்தில் தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொள்வார். முகத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வழிந்தால் போதும், மூச்சு நின்றுவிடும்.

இந்த மாதிரியான பயத்தைச் சிலர் 'ஹைட்ரோஃபோபியா' என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. மருத்துவத்தில் அந்தச் சொல் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறியைக் குறிக்கிறது. ரேபிஸ் முற்றியவர்களால் தண்ணீரை விழுங்க முடியாமல் தொண்டை இறுகும். மிஸ்ஸுக்கு இருந்தது மனதில் பதிந்த பயம். அதற்கு 'அக்வாஃபோபியா' என்று பெயர்.

இந்த வகைப் பயத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்று ஒரு நிம்மதி கிடைக்கும். 'ஒதுங்கியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ஒதுங்கச் சொல்லும். ஒதுங்காமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அது வாய்ப்பே தராது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்தச் சுற்றுலா நாளும், சொம்போடு நின்ற ராமேஸ்வரமும் மிஸ்ஸின் பயத்துக்குத் தீனி போட்டது இப்படித்தான்.

அய்யங்குளத்தில் ஒரு கேள்வி

இப்படியே காலம் போயிருக்கும். 2023 நவம்பர் 26-ம் தேதி கார்த்திகை தீபம். தீபம் முடிந்ததும் அய்யங்குளத்தில் தெப்பல் உற்சவம் நடக்கும். விளக்கு அலங்காரத்தில் சுவாமி குளத்தைச் சுற்றி வருவதைப் பார்க்க ஊரே கூடும். கூட்டத்தோடு கூட்டமாக, சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார் மிஸ்.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, குழந்தைக்குத் தெப்பம் நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு படி கீழே கூப்பிட்டார். மகள் வரவில்லை. அம்மாவின் புடவையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, தண்ணி உள்ள இழுத்துக்கும்ல?"

மிஸ் திடுக்கிட்டுப் போனார். கிணற்றுக் கதையை அவர் மகளிடம் சொன்னதே இல்லை. குளத்தில் யாரும் விழுந்து மகள் பார்த்ததும் இல்லை. பிறகு, இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

வாயால் சொல்லித்தான் பயம் வர வேண்டும் என்பதில்லை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சூசன் மினேகாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு பிரபலமானது. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குட்டிகளுக்குப் பாம்பு பயம் இல்லை. பாம்பைக் கண்டு பெரிய குரங்குகள் நடுங்குவதைப் பார்த்த பிறகு, அந்தக் குட்டிகளும் நடுங்க ஆரம்பித்தன. எந்தப் பாம்பும் அவற்றைக் கடிக்கவில்லை. பார்த்ததே போதுமானதாக இருந்தது.

கிரிவலப் பாதையில் குளம் வரும்போதெல்லாம் அம்மாவின் பிடி இறுகுவதை, மகளின் கை ஏழு வருடங்களாகப் படித்து வந்திருக்கிறது. அன்று இரவு மிஸ்ஸுக்குத் தூக்கம் வரவில்லை.

+2 பிள்ளை கேட்ட கேள்வி

2024 ஜனவரி. சிபிஎஸ்இ +2 மாணவி ஒருத்திக்கு ஆங்கிலத் தேர்வுக்கான திருப்புதல். 'பிளமிங்கோ' பாடநூலில் 'டீப் வாட்டர்' என்று ஒரு பாடம். எழுதியவர் வில்லியம் ஓ. டக்ளஸ். 1939 முதல் 1975 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அவ்வளவு பெரிய மனிதர், சின்ன வயதில் தன்னைப் பிடித்து ஆட்டிய தண்ணீர் பயத்தைப் பற்றி எழுதியது அது.

மூன்று, நான்கு வயதில் கலிபோர்னியா கடற்கரையில் ஓர் அலை அவரைப் புரட்டிப் போட்டது. பத்துப் பதினோரு வயதில் யாக்கிமா என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்தின் ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தபோது, பெரிய பையன் ஒருவன் விளையாட்டாக அவரைத் தூக்கி ஆழமான பக்கத்தில் எறிந்தான். ஒன்பது அடி ஆழம். பிழைத்துவிட்டார். அதன் பிறகு ஆறு, ஏரி, மீன்பிடிப்பு, படகு எதிலுமே அவரால் சந்தோஷமாக இருக்க முடியவில்லை.

பெரியவரான பிறகு ஓர் அக்டோபர் மாதம் பயிற்சியாளரைத் தேடிப் போனார். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். இடுப்பில் பெல்ட், அதிலிருந்து கயிறு, மேலே கம்பியில் ஓடும் கப்பி, கயிற்றின் மறுமுனை பயிற்சியாளரின் கையில். குளத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய் வந்துகொண்டே இருந்தார். இறுக்கம் கொஞ்சம் தளர்வதற்கே மூன்று மாதம் ஆனது. பிறகு முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விடுவது தனியாக. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பது தனியாக. துண்டு துண்டாகக் கற்றுக்கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார் பயிற்சியாளர். ஏப்ரலில் டக்ளஸுக்கு நீந்த வந்துவிட்டது. அப்போதும் மிச்சமிருந்த பயத்தை விரட்ட, தனியாக ஏரிகளைத் தேடிப் போய் நீந்திப் பார்த்தார்.

'டக்ளஸ் தன் பயத்தை எப்படி வென்றார்?' என்ற கேள்விக்கு மார்க் குறையாமல் பதில் எழுதும் விதத்தை மிஸ் சொல்லிக்கொடுத்தார். மாணவி எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "மிஸ், உங்களுக்கு ஸ்விம்மிங் தெரியுமா?"

'தெரியாது' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஆனால், அந்தக் கயிறு மட்டும் மனதில் தங்கிவிட்டது. தூக்கி எறிந்த பையனிடம் கயிறு இல்லை. மாமாவிடமும் கயிறு இல்லை.

மதுரையில் ஒரு சிறுவன், 1896

மிஸ் தினமும் மாலையில் ஆசிரமத்துக்குப் போய்ச் சற்று நேரம் உட்காருகிறவர். அங்கே சின்ன வயதிலிருந்து கேட்ட கதை ஒன்று அன்றைக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

1896 ஜூலை. மதுரை, சொக்கப்ப நாயக்கன் தெரு. சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான் வேங்கடராமன் என்ற 16 வயதுச் சிறுவன். நீச்சல், கால்பந்து, மல்யுத்தம் என்று விளையாட்டில் கெட்டிக்காரன். உடம்புக்கு ஒரு கோளாறும் இல்லை. மாடி அறையில் தனியாக இருந்தபோது, 'சாகப்போகிறோம்' என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது.

டாக்டரைக் கூப்பிடவில்லை. பெரியவர்களிடம் ஓடவில்லை. பயப்படுகிற விஷயத்தையே பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தான். பிணம் மாதிரி கை, காலை நீட்டிப் படுத்தான். மூச்சை அடக்கினான், உதட்டை மூடினான். 'இந்த உடம்பு செத்துவிட்டது. சரி, நான் செத்துவிட்டேனா? நான் என்பது யார்?' என்று உள்ளுக்குள் கேட்டான். எழுந்தபோது மரண பயம் போயிருந்தது. பிறகு அது அவனிடம் திரும்பவே இல்லை. ஆறு வாரம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

இதை ஆன்மிகமாகப் பார்ப்பவர்கள் அப்படிப் பார்க்கலாம். மிஸ்ஸுக்கு அன்று தட்டுப்பட்டது வேறொன்று. அந்தச் சிறுவனை யாரும் பயத்துக்குள் தள்ளிவிடவில்லை. அவனே படுத்தான், அவனே பார்த்தான். எல்லாருக்கும் ஒரே நாளில் அது நடந்துவிடாது. டக்ளஸுக்கே மாதக்கணக்கில் ஆனது. ஆனால், இருவரிடமும் ஓர் ஒற்றுமை இருந்தது. தானாகக் கிளம்பிப் போனார்கள்.

முதல் பாடம், பிளாஸ்டிக் பக்கெட்டில்

2024 மார்ச்சில் மிஸ் ஆரம்பித்தார். நீச்சல் குளத்தில் அல்ல, வீட்டுக் குளியலறையில். பக்கெட் நிறையத் தண்ணீர். முதல் வாரம் மூக்கு நுனி வரை மட்டும். அடுத்த வாரம் முகம் முழுக்க, ஒரு நொடி. பிறகு மூன்று நொடி. அதன் பிறகு தண்ணீருக்குள் மூக்கு வழியாக மூச்சு விட்டுக் குமிழி எழுப்புவது. கதவைச் சாத்திக்கொண்டு அம்மா என்ன செய்கிறார் என்று மகளுக்குப் புரியவில்லை. ஒருநாள் கதவு திறந்திருக்க, எட்டிப் பார்த்தவள் சிரித்தாள். தானும் குமிழி விட வேண்டும் என்றாள்.

அவருக்குத் தெரியாமலேயே அவர் செய்தது, உளவியலாளர்கள் நூறு வருடமாகப் பயன்படுத்தும் வழி. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டால் நடுங்கிய பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். 1958-ல் ஜோசப் வோல்பே இதை முறையான சிகிச்சையாக விளக்கி எழுதினார். பயத்தைப் படிகளாகப் பிரிப்பது, குறைந்த பயம் தரும் படியில் ஆரம்பிப்பது, அங்கே மனம் அமைதியாகும் வரை நிற்பது, பிறகு அடுத்த படி.

ஏப்ரலில் நகரில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கான பேட்ச்சில் சேர்ந்தார். முழுக்கை வைத்த நீச்சல் உடையை ஆன்லைனில் வாங்கினார். பயிற்சி தந்தவர் அவரைவிடப் பத்து வயது சின்னப் பெண். மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார்: "என்னைத் தள்ளிவிட மட்டும் கூடாது." அந்தப் பெண் சொன்ன பதில்: "நீங்க சொல்லாம உங்க கையையே விட மாட்டேன்க்கா."

மூன்றரை அடி ஆழம். இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். முதல் நாள் ஏணியின் மூன்றாவது படியோடு சரி. இரண்டாம் நாள் தரையில் கால் வைத்தார். குளோரின் வாசனையும் நீல நிற டைல்ஸும் உதவி செய்தன. கிணற்றுப் பச்சை இங்கே இல்லை. நான்காம் நாள் பக்கத்தில் யாரோ குதித்துத் தண்ணீர் முகத்தில் அடித்தபோது, பழைய மூச்சடைப்பு அப்படியே வந்தது. ஏறி வெளியே வந்து, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போனார்.

பத்தாவது நாள்தான் பெரிய நாள். மல்லாந்து மிதக்க வேண்டும். "உடம்பு முழுக்க விறைப்பா வச்சா அமுங்கும்க்கா. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, தலையைத் தலையணைல வைக்கிற மாதிரி பின்னாடி சாய்ங்க" என்றார் பயிற்சியாளர். அது உடலின் இயல்புதான். மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்தியே. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால், பெரும்பாலானவர்களின் உடல் மிதக்கும். பயந்து கையை மேலே தூக்கி, மூச்சை வெளியே விட்டுக் கத்தினால்தான் முகம் அமுங்கிவிடும்.

தலைக்குக் கீழே ஒரு கை, முதுகுக்குக் கீழே ஒரு கை. காது தண்ணீருக்குள் போனதும் உலகத்துச் சத்தம் எல்லாம் நின்றது. மேலே வானம். கொஞ்ச நேரம் கழித்து, "விடலாமாக்கா?" என்று எங்கோ தூரத்தில் கேட்டது. 'ம்' என்றார். அந்தக் கைகள் விலகின. தண்ணீர் அவரை உள்ளே இழுக்கவில்லை.

கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு கால் மணி நேரம் அழுதார்.

மழை மறுபடி வந்தது

இத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்றால், வாழ்க்கை அப்படி இருப்பதில்லை. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை தத்தளித்தது. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஊர் அந்தத் துக்கத்தை இன்னும் மறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மிஸ் பக்கெட்டில்கூட முகம் வைக்கவில்லை. தண்ணீரை நம்பிய தன் மேலேயே கோபம் வந்தது. பல நாள் யோசித்த பிறகு அவருக்கு ஒன்று தெளிந்தது. பெருமழையிலும் வெள்ளத்திலும் தண்ணீருக்கு அஞ்சி மேட்டுக்குப் போவதுதான் சரி, நீச்சல் தெரிந்தவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். பக்கெட் தண்ணீருக்கும் ஷவருக்கும் நடுங்குவது வேறு. முதலாவது காப்பாற்றும். இரண்டாவது, காப்பாற்றுவதுபோல் நடித்துக்கொண்டு நம்மை முடக்கும். இரண்டையும் பிரிக்கத் தெரியாததால்தான் இத்தனை வருடம் போனது.

2025 கோடையில் மறுபடி சேர்ந்தார். இந்த முறை இரண்டு பேருக்கு ஃபீஸ் கட்டினார். மகளுக்கும் சேர்த்து.

'தண்ணிப் பக்கம் போகாதே' போதுமா?

நம் வீடுகளில் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து காக்க நாம் சொல்லும் ஒரே வாக்கியம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் 38,000-க்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. ஐ.நா. சபை 2021-ல் தீர்மானம் போட்டு, ஜூலை 25-ம் தேதியை நீரில் மூழ்குதல் தடுப்பு தினமாக அறிவித்தது.

பயம் காட்டி வளர்த்த பிள்ளையும் ஒருநாள் நண்பர்களோடு ஏரிக்குப் போகும். அன்றைக்கு அதற்குப் பயமும் உதவாது, நீச்சலும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: கிணறு, தொட்டிகளுக்குத் தடுப்பு வைப்பது, சின்னக் குழந்தைகளைப் பெரியவர்கள் கண்பார்வையில் வைப்பது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத் தருவது, அக்கம்பக்கத்தினருக்கு மீட்புப் பயிற்சி தருவது.

மூழ்குபவர்கள் பெரும்பாலும் சினிமாவில் காட்டுவதுபோல் 'காப்பாத்துங்க' என்று கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்கவே சரியாக இருக்கும். சத்தமே இல்லாமல் நடந்துவிடும். அதனால், பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் போனைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவசியம்.

ஒருவர் மூழ்கினால், பயிற்சி இல்லாதவர் உடனே குதிக்கக் கூடாது. கரையில் நின்று கம்பு, கயிறு, துணி எதையாவது நீட்ட வேண்டும். மிதக்கும் கேனையோ டியூபையோ எறிய வேண்டும். 2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து எறிந்து இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஒரு புடவை இரண்டு உயிருக்கும் கரைக்கும் நடுவில் கயிறாக நின்றது.

உங்கள் வீட்டிலும் தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளை இருந்தால், கேலி வேண்டாம். தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சும் வேண்டாம். முகத்தில் தண்ணீர் தெளித்து விளையாடுவதில் ஆரம்பியுங்கள். ஆழம் குறைந்த இடம், தெரிந்த பயிற்சியாளர், பிடித்த கையைச் சொல்லாமல் விடாத ஒருவர். இதுவே போதும். பயம் அன்றாட வாழ்க்கையையே கெடுக்கும் அளவுக்கு இருந்தால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் 'டெலி மனாஸ்' இலவச உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் சொன்ன கதை

மிஸ் இன்றைக்கு ஒரு நீச்சல் வீராங்கனை ஆகிவிடவில்லை. ஆழம் குறைந்த பக்கத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நிற்காமல் போக முடிகிறது. ஆழமான பக்கத்துக்கு இன்னும் போகவில்லை. பாசி பிடித்த குளத்துப் படிகளில் இறங்க மாட்டார், மகளையும் இறங்க விடமாட்டார். ஷவரில் நின்று தலைக்குக் குளிக்கிறார். இதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் அதிகப் பெருமை.

மகளுக்கு அம்மாவைவிட வேகமாக வந்துவிட்டது. மூன்றாவது வாரத்திலேயே மிதவைப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஒருநாள் வீடு திரும்பும்போது, ஸ்கூட்டியின் பின் சீட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "அம்மா, நீ ஏன் முன்னாடி தண்ணிக்கு அவ்ளோ பயந்த?"

செங்கம் சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஏழு வயது, கிணறு, பச்சை நிறம், வராத சத்தம் எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொன்னார். மகள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "யாரும்மா உன்னைத் தூக்கிப் போட்டது?" என்றாள் கோபமாக.

மிஸ் அதை மட்டும் சொல்லவில்லை. மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பிள்ளைக்காக நுங்கு வெட்டி வைத்துக் காத்திருப்பவர் அவர்தான். "அந்தக் காலத்துல எல்லாருக்கும் அப்டித்தாண்டி கத்துக்குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பையில் ஒரு நீளமான நைலான் கயிறு இருந்தது. மாமாவின் பேரப்பிள்ளைகள் இப்போது கிணற்றில் இறங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். கயிற்றை மாமா கையில் கொடுத்து, "பசங்க குளிக்கும்போது இது படிக்கட்டுலயே இருக்கட்டும் மாமா" என்றார். மாமா ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினார்.